செவ்வாய்க்கு வைத்த பொட்டு

தாம்பரம் மேற்கில் இறங்கி முடிச்சூர் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு கல்யாண மண்டபம் வரும். கீழே கல்யாணம் நடக்கும். மேலே செவ்வாய் கிரகத்தை ஆராய்ச்சி செய்வார்கள். கோள் சுற்றாய்வு நிறுவனம் என்று பெயர். சொந்தக் கட்டடம் தயாராகும் வரை ஒரு மூன்று மாதம் இங்கே இருக்கலாம் என்றுதான் மாடியை வாடகைக்கு எடுத்தார்கள். நமது கதை நடக்கும் 2008-ஆம் ஆண்டில் அந்த மூன்று மாதத்துக்கு ஒன்பதாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

மண்டபத்துக்காரர் சுவரில் எழுதியிருந்ததை அழிக்க விடவில்லை. ஆகையால் விண்கலத்தின் கட்டுப்பாட்டு அறை, ‘மணமகள் அறை’ என்ற பெயரிலேயே இயங்கியது. எதிரே இருந்த ‘மணமகன் அறை’யில் இயக்குநர் பத்ரிநாராயணன் உட்கார்ந்திருந்தார். முகூர்த்த நாட்களில் இருபது கோடி கிலோமீட்டர் தாண்டி வரும் சமிக்ஞைக்கு முன்னால் கீழேயிருந்து சாம்பார் வாசனை வந்து சேர்ந்துவிடும். அன்றைக்கு ஆராய்ச்சி கொஞ்சம் மந்தமாக நடக்கும்.

இந்த நிறுவனத்தில் அட்டெண்டராக இருந்தவர் லோகநாதன். பெருங்களத்தூரில் வீடு, கன்னியம்மா என்று ஒரு மனைவி, நாற்பத்திரண்டு வயது, எட்டாம் வகுப்பு படிப்பு. நிறுவனம் தொடங்கிய முதல் நாளே வந்து சேர்ந்தவர். இருந்தும் தினக்கூலி. பணி நிரந்தரம் கேட்டு அவர் கொடுத்த மனு நான்கு முறை இயக்குநர் மேஜை வரைக்கும் போய், நான்கு முறையும் ஏதோ ஒன்று குறைகிறது என்று திரும்பி வந்திருந்தது. என்ன குறைகிறது என்று எழுதாமல் விட்டதுதான் குறை என்று எழுதி, கிளார்க் ஐந்தாவது முறையாக அதை உள்ளே அனுப்பியிருந்தார்.

தினக்கூலிக்கு லீவு கிடையாது. செவ்வாய்க்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று கேட்டு, லோகநாதனுக்கு ஞாயிறும் கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். ஒருமுறை நூற்று மூன்று டிகிரி காய்ச்சலோடு வந்து, ஸ்டோர் ரூமில் படுத்துக்கொண்டே வேலை பார்த்தார். கன்னியம்மா ஒன்பது வருஷமாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒருநாள் திருநீர்மலைக்குப் போய், படியேறி, பெருமாளைச் சேவித்துவிட்டு, கீழே இறங்கி வந்து மர நிழலில் கட்டுச்சோறு சாப்பிட வேண்டும்.

“மொட்ட மாடிலர்ந்து பாத்தா மல தெரியுது. ஒம்போது வருசமா கூட்டிகினு போறேன் கூட்டிகினு போறேன்ற. உங்க ஆபீஸ்காரன் செவ்வாய்க்கே போய்ட்டான். உன்னால திருநீர்மலைக்கு கூட்டிகினு போவ முடியல” என்பாள்.

“பெர்மனண்டு ஆவட்டும் கன்னி. மொதோ லீவு அதான்” என்பார் லோகநாதன். அவர் வாழ்க்கையில் வேறு கோரிக்கை கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லவில்லையே என்று சண்டைக்கு வரக்கூடாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் உரிமை நிரந்தர ஊழியருக்கு மட்டும்தான். லோகநாதன் முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுவார். ஆனாலும் தினக்கூலி என்பதால் கைநாட்டுத்தான். ஊரெல்லாம் இடது பெருவிரலை வைப்பார்கள். இங்கே வலது பெருவிரல். ஏனென்றால் இயக்குநருக்கு இடப்பக்கம் என்றாலே ஆகாது.

அது எவ்வளவு தூரம் ஆகாது என்பதற்கு ஒரு சம்பவம். நிறுவனம் அனுப்பிய விண்கலத்துக்குச் செவ்வலம்-1 என்று பெயர். செவ்வாயைச் சுற்றிச் சுற்றி வந்து, அதன் தரையையும் தரைக்கு மேலே போர்த்தியிருக்கும் காற்றையும் படமெடுத்து அனுப்புவது அதன் வேலை. போய்ச் சேர்ந்து முதல் சுற்று முடிந்ததும் பத்ரிநாராயணன் திரையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

“என்னய்யா இது, இடமா சுத்துது? கோயில்ல யாராவது இடமா சுத்துவாங்களா? திருப்புங்க.”

திருப்பினால் இருக்கிற எரிபொருள் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை. கடைசியில் படப் பகுப்பாய்வாளர் ஷாயிஸ்தா எழுந்தாள். படப்பையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிற பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்ததால் இன்னும் யோசிக்கிற பழக்கம் விட்டுப்போகவில்லை.

“சார், இந்தப் பக்கம் நின்னு பார்த்தாத்தான் இடம். அந்தப் பக்கம் நின்னு பார்த்தா வலம்.”

பத்ரிநாராயணன் இரண்டு நிமிஷம் கண்ணை மூடினார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது. இனி நிறுவனத்தின் அனைத்து அலுவலர்களும் செவ்வாயை அந்தப் பக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். லோகநாதன் அதை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்.

முதல் படம் வந்த நாள் நல்ல முகூர்த்த நாள். அதிகாரிகள் எல்லோரும் மணமகள் அறையில் கூடியிருந்தார்கள். திரையில் படம் மேலிருந்து வரிவரியாக இறங்கவும், கீழே கெட்டிமேளம் கொட்டவும் சரியாக இருந்தது. யாரோ பழக்க தோஷத்தில் அட்சதைக்குக் கையை நீட்டினார்.

படத்தின் ஓரங்களில் செவ்வாயின் தரை கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தது. நடுவில் பெரிய செக்கச்செவேல் வட்டம். அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் விளிம்பு. வட்டத்துக்குள்ளே வளைந்து வளைந்து போகும் கோடுகள். கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நீளமாக ஒரு கீறல்.

டீ தட்டோடு நின்ற லோகநாதன் மட்டும் மனசுக்குள், இதை எங்கேயோ பார்த்தா மாதிரி கீதே என்று நினைத்துக்கொண்டார். அவர் எங்கே செவ்வாயைப் பார்த்தார்? சர்க்கரையைக் கலக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு பத்ரிநாராயணன் பேசினார்.

“உலகத்துல எத்தனையோ நாடு செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிச்சிருக்கு. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாத புள்ளி நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. அவங்க எல்லாம் இந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தாங்க. நாங்க அந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தோம். பார்த்த உடனே இது என்னன்னு எனக்குப் புரியலை. புரியாத விஷயத்தைக் கண்டுபிடிக்கத்தான் இந்த நிறுவனமே இருக்கு. அந்த வகையில எங்க வேலை முடிஞ்சது.”

கைதட்டல் ஓய்வதற்குள் உள்ளே சண்டை ஆரம்பித்துவிட்டது. நிறுவனத்தில் இரண்டு பிரிவுகள். தரையைப் பார்க்கிற நிலப் பிரிவுக்கு ஞானசௌந்தரி தலைவி. நில அளவைத் துறையில் இருபது வருஷம் சங்கிலி பிடித்துவிட்டு வந்தவர். காற்றைப் பார்க்கிற வளிப் பிரிவுக்கு ஸ்ரீநிவாசராகவன் தலைவர். புயல் வரும் என்று சொன்ன நாட்களில் வெயிலையும், வெயில் என்று சொன்ன நாட்களில் புயலையும் வரவழைத்துப் பெயர் வாங்கியவர்.

“அது புயல் மேடம். சுத்து சுத்தா கோடு தெரியுது பாருங்க. காத்து எங்களோடது” என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

“எது காத்து? நடுவுல அவ்ளோ பெரிய பள்ளத்தாக்கு போகுது, காத்துல எங்கயாவது பள்ளத்தாக்கு போகுமா? தரை சார், தரை. நாலு பக்கமும் கல்லு நட்டாச்சு, ஃபைல்ல” என்றார் ஞானசௌந்தரி.

மூன்று வாரம் இரண்டு பிரிவும் ஒன்றுக்கொன்று மின்விசிறி ரெகுலேட்டரைக்கூடக் கடன் கொடுக்கவில்லை. கடைசியில் இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். ஒற்றைப்படைத் தேதிகளில் அது புயல்; இரட்டைப்படைத் தேதிகளில் அது மலை. முப்பத்தொன்றாம் தேதி வந்தால் அடுத்த நாள் ஒன்றாம் தேதியும் ஒற்றைப்படை ஆகிறதே, தொடர்ந்து இரண்டு நாள் புயலா என்று ஞானசௌந்தரி ஆட்சேபித்தார். அன்றைக்குப் புள்ளிக்கு விடுமுறை என்று முடிவானது. குறுக்கே ஓடிய கீறலுக்கு ‘பத்ரி பள்ளத்தாக்கு’ என்று பெயர் வைக்க ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவர் பத்ரிநாராயணன்.

புள்ளியை ஆராய நாற்பது பேரைப் புதிதாக எடுத்தார்கள். உட்கார இடமில்லாமல் அவர்கள் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பந்தி நடக்கும்போது எழுந்து நின்றுகொள்வார்கள். புதிதாக வந்த நாற்பது பேரும் நிரந்தரம். அவர்களுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தவர் தினக்கூலி.

ஷாயிஸ்தாவுக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒருநாள் படங்களை வரிசையாக அடுக்கி எடுத்துக்கொண்டு மணமகன் அறைக்குப் போனாள்.

“சார், முந்தாநாள் மலை மேல போறப்ப எடுத்தோம். நேத்து சமவெளி. இன்னைக்கு துருவத்துப் பனி. எல்லாத்துலயும் புள்ளி அதே இடத்துல, நட்ட நடுவுலயே இருக்கு. அது எப்படி சார்?”

“அதுக்குப் பேருதாம்மா விசுவாசம்” என்றார் பத்ரிநாராயணன் நெகிழ்ந்துபோய். “நாம எங்க போனாலும் கூடவே வருது. நம்ம ஸ்டாஃப்ல அப்படி எத்தனை பேர் இருக்காங்க, சொல்லு?”

“நேத்து விண்கலம் தப்பா திரும்பி வெறும் வானத்தை எடுத்திடுச்சு சார். அதுலயும் இருக்கு.”

“அப்ப புயல் வானத்துக்கும் பரவிடுச்சு. இன்னும் நாற்பது பேர் கேட்டு எழுதணும்.”

அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். லோகநாதன் டீயை நீட்டினார். வாங்கும்போது அவர் பெருவிரல் கண்ணாடி டம்ளரில் பதிந்த இடம் அவள் கண்ணில் பட்டது. ஷாயிஸ்தாவின் அத்தாவுக்குப் படப்பை பஜாரில் மூக்குக் கண்ணாடிக் கடை. பிறர் விரல் பட்ட கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வளர்ந்த பெண் அவள். டம்ளரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணா, உங்க கட்டைவிரல்ல என்ன தழும்பு?”

“அதுவா மேடம், வேலைக்கி சேந்த புதுசுல கல்யாண கிச்சன்ல டால்டா டின்னு தொறந்து குடுத்தேன். மூடி கீச்சிடுச்சு.”

“ரெண்டு வருஷம் முன்னாடி ஆயுத பூஜைக்கு ஆபீஸ்ல எல்லாத்துக்கும் நீங்கதானே பொட்டு வச்சீங்க? எனக்குப் பொரி, கடலை எல்லாம் கொடுத்தீங்களே.”

“ஆமா மேடம்.” லோகநாதன் முகம் மலர்ந்துவிட்டது. பூஜை என்றால் அவருக்குத் தலைகால் புரியாது. “ஒண்ணு உடல. நெலவாசப்படி, பீரோ, ஸ்டேப்ளரு, தண்ணி கேனு, டைரக்டரு வண்டி, ராகவன் சாரு ஹெல்மெட்டு...”

“கேமராவுக்கு?”

“வெக்காம? அதுதான் அவ்ளோ தூரம் போவப்போற புள்ள. பெட்டிக்குள்ள இருந்துச்சு. எங்க வெக்கறதுன்னு ரோசன பண்ணேன். நடுவால ரவுண்டா பளபளன்னு ஒரு எடம். பொட்டு வெக்கறதுக்குன்னே பண்ணா மாதிரி. அழுத்தி சந்தனம் வெச்சி, அது மேல குங்குமம் வெச்சி, நல்லபடியா போய்ட்டு வா நைனான்னு...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். ஷாயிஸ்தா கையிலிருந்த படத்தைத் திருப்பிக் காட்டினாள். லோகநாதன் படத்தைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

அந்தப் பெட்டியைக் கடைசியாக ஐந்து அதிகாரிகள் பரிசோதித்தார்கள் என்பது உண்மை. ராகு காலம் வருவதற்குள் முடிக்க வேண்டியிருந்ததால் பெட்டியைத் திறக்காமலே மூடியின் மேல் இருந்த இன்னொரு பொட்டைப் பரிசோதித்து, ‘திருப்தி’ என்று எழுதி, ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

“மேடம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அஞ்சாவது தபா ஃபைலு உள்ள போயிருக்கு. இந்த தபா ஆயிடும்னு கிளார்க்கு சொல்லிகினு கீறாரு” என்றார் லோகநாதன். ஷாயிஸ்தா தலையாட்டினாள். உண்மையைச் சொல்வதென்றால், சொல்லியிருந்தாலும் கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

இதோடு போயிருந்தால் லோகநாதன் வாயை மூடிக்கொண்டு நிரந்தரமாகியிருப்பார். ஆனால் அடுத்த வாரக் கூட்டத்தில் பத்ரிநாராயணன் ஒரு யோசனை சொன்னார். புள்ளியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்கலத்தை ஐம்பது கிலோமீட்டருக்கு இறக்க வேண்டும்.

“அவ்வளவு கீழ இறங்கினா காத்துல உரசி எரிஞ்சு விழுந்துடும் சார்” என்றாள் ஷாயிஸ்தா.

“விழறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ கிடைக்குமா?”

“கிடைக்கலாம்.”

“அப்ப வெற்றி. விழுந்ததைத் தனியா இன்னொரு வெற்றியா அறிவிச்சுக்கலாம். முதன்முதலா செவ்வாயில விழுந்த நம்ம விண்கலம்னு.”

எல்லோரும் கைதட்டினார்கள். லோகநாதன் மூலையில் பிஸ்கட் தட்டோடு நின்றிருந்தார். செவ்வலத்தின் பாகங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கியபோது படியேறித் தூக்கி வந்தவர் அவர். இரண்டு வருஷம் தூசி தட்டியிருக்கிறார். போய்ட்டு வா என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான். நிரந்தரமும் வேண்டும், திருநீர்மலையும் வேண்டும்; அதற்காக அத்தனை தூரம் போன பிள்ளையைத் தன் விரல் அழுக்குக்காக எரித்துவிட முடியுமா? தட்டைக் கீழே வைத்தார்.

“சார். அது புயலு இல்ல, மலையும் இல்ல. பொட்டு சார். நான் வெச்ச பொட்டு.”

கதை முழுவதையும் சொல்லி முடித்தார். பத்ரிநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார்.

“லோகநாதன், இதை நீங்க எந்தப் படிவத்துல சொல்றீங்க?”

“வாயால சொல்றேன் சார்.”

“வாய்க்குப் படிவம் இல்லை. சரி, இதை ஒரு கருதுகோள்னு எடுத்துக்கலாம். புயல்னு சொல்றவர் முனைவர். மலைன்னு சொல்றவங்க முதுகலை. பொட்டுன்னு சொல்றவர் எட்டாவது. தராதரப்படி உங்க கருதுகோள் மூணாவது இடத்துல இருக்கு. அடுத்து?”

லோகநாதன் சட்டைப் பையிலிருந்து குங்கும டப்பாவை எடுத்தார். பெருவிரலைத் தோய்த்து, இயக்குநரின் மேஜைக் கண்ணாடியில் அழுத்தி எடுத்தார். பக்கத்தில் செவ்வாயின் படத்தை வைத்தார்.

வட்டம், வளைகோடுகள், குறுக்கே பத்ரி பள்ளத்தாக்கு. இம்மி பிசகவில்லை.

ஞானசௌந்தரி எழுந்து வந்து பார்த்தார். ஸ்ரீநிவாசராகவன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த அறைக்குள் உண்மை நுழைந்துவிடும்போல இருந்தது. பத்ரிநாராயணன் சுதாரித்துக்கொண்டார்.

“இரகசியப் படம்!” என்றார். “இன்னும் வெளியிடாத, முழு அளவு, உயர்துல்லியப் படம் ஒரு தினக்கூலியோட விரலுக்கு எப்படிப் போச்சு?”

“ரேக பொறந்ததுலேர்ந்து கீது சார்.”

“அப்ப நாற்பத்திரண்டு வருஷமா கையில வச்சுக்கிட்டு நிறுவனத்துக்குச் சொல்லலை. அது இன்னும் பெரிய குற்றம்!”

அன்று மாலையே குறிப்பாணை வந்தது. ‘தாங்கள் தங்கள் வலது கைப் பெருவிரலில் செவ்வாய் கிரகத்தின் இரகசியப் படத்தை, அளவில் சிறியதாக்கி, முன் அனுமதியின்றி வைத்திருந்தது ஏன் என்பதற்கு விளக்கம் அளிக்க வேண்டும். விசாரணை முடியும் வரை மேற்படி விரல் அரசு ஆவணமாகக் கருதப்படும்.’ விரலைத் துணியால் சுற்றி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். அரக்கைக் கொஞ்சம் ஊதிவிட்டு வைத்திருக்கலாம்.

விரலை மூடிவிட்டால் பதிவேட்டில் கைநாட்டு எப்படி வைப்பது? இடது விரலை நீட்டினார். இடப்பக்கம் ஆகாது என்றார் கிளார்க். ஆகவே லோகநாதன் தினமும் எட்டரைக்கு வந்தார், கூட்டினார், துடைத்தார், எண்பது டீ வாங்கினார், வரவில்லை என்று பதிவானார். விதிப்படி தினக்கூலி ஒருவர் தொடர்ந்து பத்து நாள் வராவிட்டால் பழைய சேவை எல்லாம் ரத்து. ஒன்பது வருஷமும் போய்விடும்; மனுவை மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எட்டாம் நாள் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. கன்னியம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள்.

“அவன் கெடக்கறான் பேமானி. இன்னா தப்பு பண்ணிட்ட நீ? ஒரு பொட்டு வெச்ச. மங்களகரமா வெச்ச” என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் பார்வை ஜன்னல் பக்கம்தான் போனது. தூரத்தில் மலைக்கோயில் விளக்கு தெரிந்தது.

ஒன்பதாம் நாள் விசாரணைக் குழு கூடியது. ஷாயிஸ்தா இரவெல்லாம் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்திருந்தாள்.

“சார், விதி நூற்று பதினாலு. இரகசிய ஆவணம் எதுவும் தினக்கூலி வசம் இருக்கக் கூடாது. நிரந்தரப் பணியில உள்ளவர் வசம்தான் இருக்கணும். விரலைத் தனியா எடுத்து வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைக்க முடியாது. அதனால...”

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று லோகநாதனுக்குப் புரிந்தது.

பத்ரிநாராயணன் விதிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

“புள்ளி நம்ம ஆபீஸ்லயே, இதே மாடியிலேயே இருக்கறப்ப அதைப் பார்க்க விண்கலத்தை இறக்கறது வீண் செலவு. அதனால செவ்வலம் இருக்கிற உயரத்துலயே சுத்தட்டும். ஆராய்ச்சி இனிமே விரல்ல நடக்கும்.”

லோகநாதன் இரண்டு கைகளையும் கூப்பினார். பிள்ளை தப்பித்தது.

“ரெண்டாவது, மேடம் சொன்ன விதி நூறு சதவீதம் சரி. ஆவணம் நிரந்தரப் பணியில இருந்தாகணும். ஆனா ஒரு முழு ஆளுக்கு நம்மகிட்ட காலியிடம் இல்லை. அதனால லோகநாதனோட வலது பெருவிரல் இன்று முதல் பணி நிரந்தரம் செய்யப்படுகிறது. அகவிலைப்படி, ஓய்வூதியம், விடுப்பு எல்லாம் உண்டு. மீதி லோகநாதன் வழக்கம்போல தினக்கூலி.”

அப்படியே நடந்தது. அரக்கை உடைத்து, விரலுக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். புகைப்படத்துக்குச் செவ்வாயின் படத்தையே ஒட்டிக்கொண்டார்கள். காலையில் ஒரு மணி நேரம் வளிப் பிரிவும் மாலையில் ஒரு மணி நேரம் நிலப் பிரிவும் அதை ஆராய்ந்தன. மீதி நேரத்தில் அது லோகநாதனோடு சேர்ந்து பாத்ரூம் கழுவக்கூடாது என்று தடை. நிரந்தர ஊழியரைக் கீழ்நிலை வேலைக்குப் பயன்படுத்தக்கூடாதாம். ஆகவே அவர் துடைப்பத்தை நாலு விரலால் பிடிக்கப் பழகிக்கொண்டார். தினமும் காலையில் பதிவேட்டில் விரல் தன் வருகையைப் பதித்தது. அதற்குக் கீழ் வரிசையில் மீதி லோகநாதனுக்காகவும் அதே விரல் பதித்தது. மேலதிகாரி சான்றளிக்கலாம் என்று விதி இருந்தது.

“இன்னாய்யா இது, ஒரு வெரலுக்கு மட்டும் உத்தியோகமா?” என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து சோறு போடும்போது அவளையறியாமல் அந்த விரலுக்கு ஒரு மரியாதை கொடுத்தாள்.

ஒரு வருஷம் போனது. 2009 ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் செவ்வலம்-2க்கான கேமரா பெட்டியில் வந்து இறங்கியது. கூடவே சுற்றறிக்கையும் வந்தது. ‘புள்ளி ஆய்வில் எண்பது அலுவலர்கள் பணியாற்றுவதால், புதிய கேமராவின் கண்ணாடியிலும் முந்தையதைப் போன்றே பொட்டு ஒன்று, நிரந்தரப் பெருவிரலால் மட்டுமே, பூஜை அன்று காலை ஒன்பதரைக்கு வைக்கப்பட வேண்டும். தினக்கூலி விரல்கள் எதுவும் கேமராவைத் தொடக் கூடாது. பத்தரைக்குப் பெட்டி மூடப்படும். இந்த நேரம் எக்காரணம் கொண்டும் மாற்றப்படாது.’

லோகநாதன் அன்று பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். பளபளவென்று வட்டமாக அந்த இடம். இந்தப் பிள்ளையையும் கண்ணைக் கட்டி அனுப்பப் போகிறார்களா? வருத்தமாக இருந்தது. ஆனால் பத்து வருஷம் சுற்றறிக்கைகளைச் சுமந்து திரிந்தவருக்கு அதற்குள் அவற்றின் போக்கும் பிடிபட்டிருந்தது. நேராக ஷாயிஸ்தாவிடம் போனார்.

“மேடம், ஒரு லெட்டர் டைப் அடிச்சி தரீங்களா?”

கேட்டுவிட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடித்தாள். பூஜையன்று காலை ஒன்பது மணிக்கு அந்த விண்ணப்பம் மணமகன் அறை மேஜையில் இருந்தது. நிரந்தர ஊழியர், பெருவிரல் (வலது), சொந்த வேலையாகத் திருநீர்மலை செல்வதால் இன்று ஒருநாள் தற்செயல் விடுப்பு. இரகசிய ஆவணம் தனியாக வெளியே போகக் கூடாது என்று விதி இருப்பதால், தினக்கூலி லோகநாதன் பாதுகாப்புக்காகக் கூடப் போகிறார். அது அவருக்குப் பணி நாள்.

பத்ரிநாராயணன் மூன்று முறை படித்தார். விதிப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். ஒன்றும் குறையவில்லை. நேரத்தை மாற்றவும் முடியாது. மாற்றப்படாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். பத்தரைக்குப் பெட்டி மூடப்பட்டது. உள்ளே கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

அந்த நேரம் கன்னியம்மா பாதி மலை ஏறியிருந்தாள். தூக்குவாளி லோகநாதன் கையில் இருந்தது. நாலு விரலால்தான் பிடித்திருந்தார். விரலுக்கு லீவு.

விண்ணப்பத்தின் கீழே, ‘விண்ணப்பதாரரின் கையொப்பம்’ என்ற இடத்தில், விண்ணப்பதாரரே நேரில் வந்து பதிந்துவிட்டுப் போயிருந்தார்.